சேந்தன் அளந்த சதுரம்

லா சப்பல்
2 மார்ச் 2024

அன்பான மருமகள் லக்சிகாவுக்கு,

மாமி எழுதிறன். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, படியேறேக்கை முழங்கால்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்குது. நீ நேரத்துக்குச் சாப்பிடுறியோ எண்டதுதான் என்ர யோசனை.

போன் எடுத்தால் நீயும் அழுறாய், நானும் அழுறன், பிறகு ஒண்டும் கதையாமல் வைச்சுப்போடுறம். அதாலதான் கடுதாசி. நான் ஏழாம் வகுப்போட நிண்டவள், பிழை இருந்தால் பாராதை. நோர்வேயில தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன உன்ர எழுத்து என்ர எழுத்தை விட வடிவு.

சேந்தன் போய் நாலாம் மாசம் நடக்குது. அவன்ர சாம்பல் இன்னும் அலுமாரிக்கு மேல வெள்ளைத் துணி சுத்தி இருக்குது. அண்டைக்கு டியெப் கடலுக்கு எல்லாரும் வெளிக்கிட்டு நிக்கேக்கை நான்தான் குடத்தை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பாதியைச் சிமிழில போட்டு உன்ர கையில தந்தன், பாதி என்னோட. கொள்ளி வைச்ச அவன்ர சித்தப்பா ராதாகிருஷ்ணனுக்கு அதில இன்னும் கோபம். என்னோட றெஸ்ரோரண்ட் குசினியில வேலை செய்யிற இம்மாகுலேற், பாண்டிச்சேரிக்காரி, இந்தப் பிரெஞ்சு நாட்டில சாம்பலை வீட்டை வைச்சிருக்கச் சட்டம் விடாதெண்டு பயப்பிடுத்துறாள். பொலிஸ் வந்து அலுமாரியில ஏறிப் பாக்கட்டும் எண்டு சொன்னன்.

உன்னட்டை ஒண்டு கேக்கவேணும். அவன் அங்கை சுவீடன் வடக்கில என்ன வேலை செய்தவன்? நான் கேட்ட நேரமெல்லாம் ‘சேத்துக்குள்ள செடி எண்ணுறன் அம்மா’ எண்டு சிரிப்பான். ஆக்கள் விசாரிச்சால் நான் யூனிவேர்சிற்றி எண்டதோட நிப்பாட்டிப்போடுவன். இப்பதான் அறியவேணும் போல கிடக்கு. எனக்கு விளங்கிற மாதிரி எழுது.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

மாமி அருள்மலர்

*

உமேயோ
24 மார்ச் 2024

அன்புள்ள மாமிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைக் கதவடியில் நின்றபடியே வாசித்தேன், சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. நான் நலம். உங்கள் முழங்காலை டொக்டரிடம் காட்டுங்கள்.

நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து வடக்கே காட்டுக்கு நடுவில் ஒரு பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே மண் என்று ஒன்றில்லை. பாசி செத்து, அதன் மேல் பாசி வளர்ந்து, அதுவும் செத்து, ஆயிரக்கணக்கான வருடமாக அடுக்கடுக்காகக் கிடக்கிறது. தண்ணீர் தக்காளிச் சாறு அளவுக்குப் புளிப்பு. அந்தப் புளிப்பை உண்டாக்குவதே ஒரு வகைப் பாசிதான். அது வளர வளரத் தண்ணீர் புளித்துக்கொண்டு போகும். புளிப்புத் தாங்காத செடிகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போகும்.

நாற்பது வருடத்துக்கு முன் இங்கிரிட் என்ற பேராசிரியர் அங்கே சதுரம் சதுரமாகக் குச்சி நட்டு, எதற்குள் என்ன செடி, எவ்வளவு புளிப்பு என்று எழுதிவைத்தார். அவருக்கு இப்போது நல்ல வயது, ஆனாலும் வருகிறார். சேந்தன் அதே சதுரங்களைத் திரும்ப எண்ணினார், திரும்ப அளந்தார். முன்பு எத்தனையோ இனம் இருந்த இடத்தில் இப்போது அந்த ஒரு பாசி மட்டும். அது எங்கே வேகமாக நடக்கிறது, ஏன் என்பதுதான் அவருடைய கட்டுரை. பாதியில் நிற்கிறது. அதை நான் முடிக்கிறேன், அவர் பெயர்தான் முதலில் வரும்.

நாங்கள் அங்கே பலகை போட்டு அதன்மேல்தான் நடப்போம். பாசியில் ஒருவரும் கால் வைப்பதில்லை. வெளியிலிருந்து எதுவும் உள்ளே விழக்கூடாது. அவர் தோடம்பழத் தோலைக்கூடப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒருமுறை நான் தேத்தண்ணி மண்டியைக் கொட்டப்போக, இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

உங்களை அணைத்துக்கொள்கிறேன்.

லக்சிகா

*

லா சப்பல்
14 ஏப்பிரல் 2024

என்ர பிள்ளை லக்சிகாவுக்கு,

சுகமாயிருப்பாய் எண்டு நினைக்கிறன். இண்டைக்கு வருஷப் பிறப்பு. எங்களுக்கு இந்த வருஷம் ஒண்டும் இல்லையெண்டபடியால் நான் வேலைக்கு வந்திட்டன். வெளியில கடையெல்லாம் சனம் முட்டி வழியுது, நகைக்கடை வாசலில நிண்டு படம் எடுக்கினம். நான் பின்கதவால போய்ப் பின்கதவால வந்தன்.

உன்ர கடுதாசியை இம்மாகுலேற்றுக்கு வாசிச்சுக் காட்டினன். ‘தக்காளிச் சாறுல செடி வளருதா’ எண்டு அவளுக்கு நம்பிக்கையில்லை. தோடம்பழத் தோலை வாசிச்சபோது எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவன் போனாப்பிறகு அண்டைக்குத்தான் முதல் சிரிச்சது.

ஒரு யோசனை வந்திருக்கு, கேள். கடலில கரைக்க எனக்கு மனம் வரேல்லை. டியெப் கடலை அவனுக்குத் தெரியாது. ஓகஸ்டில பத்ரோன், எங்கட முதலாளி, கடையைப் பூட்டிப்போட்டு ஊருக்குப் போயிடுவார், எனக்குக் கொன்ஜே, லீவு. அப்ப நான் அங்கை வாறன். உன்ர பங்கையும் என்ர பங்கையும் ஒண்டாச் சேர்த்து அவன் அளந்த தண்ணியிலயே கரைச்சு விடுவம். வருஷம் முடியிற ஆட்டைத் திவசத்துக்கு முதல் அவனை ஒரு இடத்தில சேர்த்துப்போட்டால் எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். அலுமாரிக்கு மேல பாதி, உன்னட்டைப் பாதி எண்டு பிள்ளை கிடக்கிறான், அதுதான் எனக்கு நித்திரை இல்லை.

சிமிழை எங்கை வைச்சிருக்கிறாய்? ஈரம் படாமல் வை.

மாமி

*

உமேயோ
9 ஜூன் 2024

அன்புள்ள மாமிக்கு,

இவ்வளவு பிந்தி எழுதுவதற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் நலம் என்று நம்புகிறேன்.

மே மாதக் கடைசியில் பனி கரைந்தது, நாங்கள் சதுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டோம். பலகையெல்லாம் குளிர்காலத்தில் சரிந்துபோயிருந்தது, திருப்பிப் போட்டோம். சேந்தனின் சப்பாத்து எனக்குப் பெரிது, இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு அதைத்தான் போடுகிறேன். இங்கிரிட் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். பஞ்சுப்புல் பூத்து நிலம் முழுக்க வெள்ளையாக ஆடுகிறது. கடிக்கிற நுளம்பும் அப்படித்தான்.

ஓகஸ்டில் வேறு நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எனக்கு வீட்டில் நிற்க நேரமே இருக்காது. நீங்கள் தனியாக இருக்கவேண்டி வரும். வேறு மாதம் பார்ப்போமா?

லக்சிகா

*

லா சப்பல்
20 ஜூன் 2024

லக்சிகாவுக்கு,

மாமி சுகம். நீயும் சுகமெண்டு எழுதியிருக்கிறாய், சந்தோசம்.

நுளம்பைப் பற்றி எழுதினாய், சப்பாத்தைப் பற்றி எழுதினாய். நான் கேட்டதுக்கு மட்டும் மறுமொழி இல்லை. ஆக்கள் வந்தால் வரட்டும். நான் சமைச்சுப்போட்டு ஒரு மூலையில இருக்கிற ஆள்தானே. ஒரு நாள், ஒரு மணித்தியாலம் என்னை அந்தப் பலகையில கூட்டிக்கொண்டு போனால் காணும்.

இம்மாகுலேற் கேக்கிறாள், ‘மருமவளுக்கு நீ வர்றது புடிக்கலையோ’ எண்டு. அவளுக்கு வாய் நீளம். நான் அப்பிடி நினைக்கேல்லை. ஆனால் சிமிழைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதது மனசைக் குடையுது.

மறுமொழி போடு பிள்ளை.

மாமி

*

உமேயோ
15 ஜூலை 2024

அன்புள்ள மாமிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சாம்பலைக் கொண்டுவரவேண்டாம் மாமி. இங்கே அதற்கு அரசாங்கத்தில் அனுமதி எடுக்கவேண்டும். அதைவிட, சாம்பல் புளிப்புக்கு எதிர். ஒரு கைப்பிடி விழுந்தாலும் அந்தப் பாசி வெந்துபோகும், புளிப்பு முறியும், நாற்பது வருடக் கணக்கு குழம்பும். தயவுசெய்து கோபிக்காதீர்கள். ஓகஸ்ட் வேண்டாம்.

லக்சிகா

*

லா சப்பல்
21 ஜூலை 2024

லக்சிகாவுக்கு,

உன்ர கடுதாசி கிடைச்சுது.

என்ர பிள்ளை உயிரோட இருக்கேக்கை அந்தச் சேத்துக்கு நல்லவன், சாம்பலானாப் பிறகு கூடாதவனோ? முழங்கால் மட்டும் ஈரத்தில நிண்டு நிண்டுதானே அவன் அதுக்கு வேலை செய்தவன்.

சரி. நான் வரேல்லை. உனக்கும் வயசிருக்கு, வாழவேணும். வேற ஏதும் காரணமெண்டால் நேரா எழுதியிருக்கலாம், நான் தடுக்கிற ஆள் இல்லை.

என்ர பங்கு என்னோட இருக்கட்டும்.

அருள்மலர்

*

லா சப்பல்
1 செப்ரெம்பர் 2024

அன்பான லக்சிகாவுக்கு,

நீ சுகமோ? ஆறு கிழமையா ஒண்டும் இல்லை. போனும் எடுக்கிறாய் இல்லை.

போன முறை எழுதினதைத் தபால்பெட்டியில போட்ட கையோடயே கையை விட்டு எடுக்கலாமோ எண்டு பாத்தனான். வாய் ஒடுக்கம். அந்தக் கடைசிப் பந்தி கோபத்தில வந்தது, விட்டிடு.

ஓகஸ்ட் போட்டுது. கடை பூட்டு, தெருவும் வெறிச்சு. நான் வீட்டுக்குள்ள கிடந்தன். திரான்சியில இருந்து சித்தப்பா வந்து ‘ஆட்டைக்கு முதல் ஒரு முடிவு எடுங்கோ மச்சாள்’ எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணியும் குடியாமல் போட்டார்.

நீ வரச் சொல்லவேண்டாம், சாம்பல் கதையும் வேண்டாம். இருக்கிறன் மாமி எண்டு ஒரு வரி போடு. எனக்கு எண்டு இப்ப நீ மட்டும்தான்.

மாமி

*

உமேயோ
12 செப்ரெம்பர் 2024

அன்புள்ள மாமிக்கு,

இருக்கிறேன் மாமி.

வேறு யாரும் இல்லை. அப்படி நீங்கள் நினைக்கும்படி விட்டது என் பிழை. உண்மையை எழுதுகிறேன், வாசித்து முடிக்கும்வரை கடிதத்தைக் கீழே வைக்காதீர்கள்.

சிமிழ் வெறுமை.

மே மாதம் நாங்கள் சதுப்புக்குப் போன முதல் நாள், இங்கிரிட் வாகனத்தில் எதையோ எடுக்கப் போனார். நான் சேந்தனுடைய சதுரத்துக்குப் பக்கத்தில் பலகையில் இருந்தேன். காட்டோரமாக இருக்கிற சதுரம், அவருக்கு அதில்தான் மிகவும் பிடித்தம். சிமிழ் என் பையில் இருந்தது. குளிர்காலம் முழுக்க நான் அதைக் கூடவே கொண்டு திரிந்தேன். ஒரு துளி மட்டும் போடுவோம் என்றுதான் மூடியைத் திறந்தேன். பிறகு பார்த்தால் முழுவதும் கவிழ்ந்திருந்தது. நான்தான் கவிழ்த்தேன். பாசியின் மேல் வெள்ளையாகக் கிடந்தது. இங்கிரிட் அன்று காட்டோரம் வரவில்லை, பின்னேரமே மழை பெய்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சாம்பல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன். அந்த நேரம் படித்தது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று மட்டும் இருந்தது. நீங்கள் இரண்டு பங்கையும் சேர்ப்போம் என்று எழுதியிருந்தீர்கள். சேர்க்க என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. அதை எப்படி உங்களுக்கு எழுதுவது?

ஓகஸ்டில் எல்லோருமாக அளந்தோம். அந்தச் சதுரத்தில் பாசி வெளுத்துச் செத்துக் கிடந்தது, தண்ணீரில் புளிப்பு இல்லை. ஒருவருக்கும் காரணம் பிடிபடவில்லை. வந்திருந்தவர்களில் ஒருவர், சேந்தன் முன்பு அளந்ததே பிழையாக இருக்கலாம், அவருடைய கருவி சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்றார். சேந்தன் அளந்த எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கும்வரை கட்டுரையை நிறுத்தச் சொல்கிறார்கள். நான் அதே மேசையில் இருந்தேன் மாமி. வாய் திறக்கவில்லை.

உங்களிடமும் கேட்காமல் செய்தேன்.

லக்சிகா

*

லா சப்பல்
13 ஒக்ரோபர் 2024

பிள்ளை லக்சிகா,

ஒரு மாசம் எடுத்திட்டன். பொய் சொல்லேல்லை, எனக்குக் கோபம்தான். பெத்தவள் நான் இஞ்சை இருக்க, நீ தனிய நிண்டு கவிட்டுப்போட்டு வந்திட்டாய். நானும் பக்கத்தில நிண்டிருக்கவேணும். அந்தக் கோபம் இன்னும் முழுக்கப் போகேல்லை, போகேக்கை போகட்டும்.

குசினியில வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிக்கேக்கை இம்மாகுலேற் கேட்டாள்:

‘என்னாடி, வெங்காயத்துக்கு அழுவுறியா, வேற எதுக்காச்சுமா?’

சொன்னன். அவள் கத்தியை வைச்சுப்போட்டுக் கையைத் துடைச்சாள். பிறகு, ‘நீயா இருந்தா என்னா பண்ணியிருப்ப’ எண்டு கேட்டாள். நானெண்டால் என்ன செய்திருப்பன்? நானும் கவிட்டுத்தான் விட்டிருப்பன். என்ர கையில மே மாசம் அந்தப் பலகை கிடைக்கேல்லை, அவ்வளவுதான். புருஷன்ர சாம்பலைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறவளிட்டை ஆர் படிப்பைப் பற்றிக் கேக்கிறது?

ஆனால் அவன் பிழையா அளந்தவன் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. அதை நான் விடமாட்டன்.

அவன் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை நாங்கள் திரான்சியில. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, விசா அலுவலுக்குப் பொபினி பிறெபெக்சர் கந்தோருக்கு அவனைத்தான் கூட்டிக்கொண்டு போறனான், அவன்தான் எனக்காகக் கதைக்கிறவன். ஒருக்கா, மே மாசம் வந்ததை மார்ச்சில வந்தனெண்டு சொல்லடா எண்டு சொன்னன், ஆரோ அது நல்லதெண்டு சொல்லித் தந்திருந்தினம். இவன் கண்ணாடிக்கு அங்கால இருந்த பொம்பிளையிட்டைச் சொல்லுறான், ‘அம்மா மார்ச் எண்டு சொல்லச் சொல்லுறா, ஆனால் நாங்கள் மேயில வந்தனாங்கள்’ எண்டு. அவள் சிரிச்ச சிரிப்பில நான் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். வீடு மட்டும் அவனைப் பேசிக்கொண்டு வந்தன். ‘நடந்ததைத்தானே சொன்னனான்’ எண்டு அழுதான்.

அப்பிடிப்பட்டவன் தண்ணியைப் பிழையா அளப்பானோ? நீ அந்த மேசைக்குத் திரும்பிப் போ. உனக்கு வேலை போனாலும் பரவாயில்லை, இஞ்சை வா, நான் இருக்கிறன். போய்ச் சொல்லு பிள்ளை.

சாப்பிடாமல் போகாதை.

மாமி

*

உமேயோ
30 ஒக்ரோபர் 2024

அன்புள்ள மாமிக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்த மறுநாளே இங்கிரிட்டிடம் போனேன். அறையில் வேண்டாம், அங்கே போய்க் கதைப்போம் என்று சதுப்புக்கே கூட்டிக்கொண்டு போனார். பலகையில் நின்று எல்லாம் சொன்னேன். அவர் மெதுவாகப் பலகையில் உட்கார்ந்தார்.

பிறகு குனிந்து ஒன்றைக் காட்டினார். செத்த பாசிக்கு நடுவே சின்னதாக ஒரு பச்சை. வேறு இனப் பாசி. ‘இது நெருப்பு எரிந்த இடத்தில் வருவது. நாற்பது வருடத்தில் இங்கே நான் இதைப் பார்த்ததில்லை. செப்ரெம்பரில் கண்டேன், யாரோ அடுப்பு மூட்டினார்கள் என்று கோபத்தோடு இருந்தேன்’ என்றார். அதற்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் என்னைச் சும்மா விடவில்லை. ஐந்து மாதம் மறைத்ததற்கு நன்றாகப் பேச்சு வாங்கினேன். வேலை இருக்கிறது. அந்தச் சதுரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாம்பல் விழுந்து கெட்டது என்று கட்டுரையில் எழுதுவோம், யாருடையது என்று எழுதமாட்டோம். மற்றச் சதுரங்களை எல்லாம் செப்ரெம்பரிலிருந்தே திரும்ப அளந்துவந்தார்கள், இப்போது முடிந்தது. சேந்தனின் அளவுகள் ஒன்றுகூடப் பிசகவில்லை. மேசையில் அப்படிச் சொன்னவரே எனக்கு எழுதி மன்னிப்புக் கேட்டார். கட்டுரை போகிறது.

அந்தப் பச்சையைப் பிடுங்குவதா என்று கேட்டேன். தொடாதே, வந்ததை வந்தது என்று எழுதுவோம் என்றார். சாம்பலின் வேகம் அடங்கியதும் அது தானாகப் போய்விடுமாம், பழைய புளிப்பு மெல்ல மெல்லத் திரும்பி வருமாம். எங்கள் காலத்தில் பார்ப்போமோ தெரியாது.

நீங்கள் பக்கத்தில் நிற்கவேண்டிய நாளை நான் உங்களிடமிருந்து எடுத்துவிட்டேன். அது கணக்கில் திருத்த முடியாதது.

லக்சிகா

*

லா சப்பல்
1 டிசெம்பர் 2024

என்ர பிள்ளை லக்சிகாவுக்கு,

மாமி சுகம், நீ சுகமெண்டதை உன்ர எழுத்திலயே கண்டன். போன முறை கோணிக்கிடந்த எழுத்து இந்த முறை நேரா நிக்குது.

ஆட்டை நல்லபடியா முடிஞ்சுது. அதுக்கு முதல்நாள் என்ர பங்கை டியெப்புக்குக் கொண்டு போனம். சித்தப்பா, நான், சிலுவை போட்டுக்கொண்டு இம்மாகுலேற்றும். காத்தெண்டால் சொல்லேலாத காத்து. சித்தப்பா மந்திரத்தை மறந்து நிக்க, இம்மாகுலேற் தன்ர செபத்தைத் தொடங்கிட்டாள். அவரும் ஒண்டும் சொல்லேல்லை. நான் கையால அள்ளி அள்ளி விட்டன். கவிட்டுவிட எனக்கு ஏலாமல் போச்சுது. கடைசிப் பிடியில கனநேரம் நிண்டன், பிறகு அலை வந்து அதையும் கையோட கழுவிக்கொண்டு போட்டுது.

உன்ர பங்கு அங்கை, என்ர பங்கு இஞ்சை. ஒண்டாச் சேர்க்கவேணுமெண்டு நிண்டது என்ர பிடிவாதம். அவன் இருக்கேக்கையும் பாதி அங்கை, பாதி இஞ்சைதானே இருந்தவன்.

உன்னோட இப்ப கோபம் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பன்.

அடுத்த மே மாசத்துக்குப் பத்ரோனிட்டைக் கொன்ஜே கேட்டிட்டன், முகத்தை ஒரு மாதிரி வைச்சுக்கொண்டு ஓமெண்டார். அந்த நெருப்புப் பச்சை போறதுக்கு முதல் நான் ஒருக்கா அதைப் பாக்கவேணும். ஆரின்ர வீட்டுக்கும் வெறுங்கையோட போற பழக்கம் எனக்கில்லை. உனக்கு மிளகாய்த்தூளும் பயத்தம் பணியாரமும் கொண்டருவன், அதெல்லாம் உன்ர வீட்டு வாசலோட. சதுப்புக்கு வெறுங்கையோடதான் வருவன். பூ கொண்டு வரமாட்டன், கற்பூரம் கொளுத்தமாட்டன், பயப்பிடாதை.

ஒண்டு மட்டும் எனக்கு யோசனையா இருக்கு. அந்தப் பலகையில நிண்டால் நான் அழாமல் நிப்பன் எண்டு சொல்லேலாது. கண்ணீர் உப்பல்லோ. அது அதுக்குள்ள விழுந்தால் பிழையோ எண்டு இங்கிரிட் அம்மாவைக் கேட்டு எழுது.

மாமி